எங்கள் சங்கமும் பொலித்தீனை விட்டது: திருகோணமலைக்காரர் புனைபெயரில் எழுதிய அனுபவங்கள்

கோட்டைவாசல்:
கோயில் அன்னதானம். சோறு போட விரிக்கிற மெல்லிய பொலித்தீன் தாளான லஞ்ச் சீற்றை இலங்கையில் 2017 செப்டெம்பரிலேயே தடை செய்தாயிற்று. இன்னும் சில கடைகளில் மேசைக்கு அடியிலிருந்து எடுத்துத் தருகிறார்கள், அது எல்லோருக்கும் தெரிந்த கதை. இந்த முறை சீற் வேண்டாம், எவர்சில்வர் தட்டு என்று எங்கள் தொண்டர் சபை முடிவெடுத்தது. பந்தி நன்றாகத்தான் நடந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஒரே ஒரு குழாய், அதில் நூல் மாதிரித் தண்ணீர். மாதர் சங்கத்து அக்காமார் சேலையைச் செருகிக்கொண்டு இருட்டும்வரை தட்டுக் கழுவுகிறார்கள். ஒரு அக்கா நிமிராமலே கேட்டா: "தம்பி, சூழலைக் காப்பாத்துறது நீங்கள், கழுவுறது நாங்களோ?"

அடுத்த கூட்டத்தில் "பழையபடி சீற்றுக்கே போவோம்" என்று ஒருவர் தொடங்கிவிட்டார். கோட்டையடி மான்கள் கறி பட்ட பொலித்தீனை மெல்லுவதை நாள்தோறும் பார்க்கிற ஊரில் இந்தப் பேச்சு.

கிண்ணியாக் கஞ்சி:
நோன்புக் கஞ்சியைச் சுடச்சுடச் சொப்பின் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பாத்திரம் கொண்டுவந்தால்தான் கஞ்சி என்று எங்கள் பள்ளிவாசலில் அறிவித்தார்கள். முதல் நாள் அசர்த் தொழுகைக்குப் பிறகு வரிசையில் ஒரு சின்னப் பொடியன், வெறுங்கை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் அழவில்லை. எங்கேயோ கிடந்த தண்ணிப் போத்தலின் தலையை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து நீட்டினான். கஞ்சி பட்டதும் போத்தல் அவன் கையிலேயே சுருங்கிப்போனது. மறுநாளே பள்ளியில் மூடி போட்ட வாளிகள் வாங்கி வைத்தார்கள், இன்று கொண்டுபோய் நாளை தரலாம். சில வாளிகள் திரும்பி வரவேயில்லை, அது வேறு கதை.

கோட்டைவாசல், எங்கள் கந்தூரி விருந்தில் சஹன் என்கிற ஒரே பெரிய தட்டில் ஆறு பேர் சாப்பிடுவோம். கழுவுகிற வேலையும் அந்தளவுக்குக் குறைவு.

உப்புவெளியான்:
ஒரு தொண்டு நிறுவனத்தின் கடற்கரைத் துப்புரவு. ஆளுக்கொரு புது ரீசேட், தொப்பி, தண்ணிப் போத்தல். தேதி அச்சடித்த பிளெக்ஸ் பதாகை, அதனால் இன்னொரு தரம் கட்டவும் முடியாது. அப்புறம் பிரதம விருந்தினருக்குப் பிளாஸ்ரிக் மாலை போட்டார்கள். 2023 ஒக்டோபர் 1 இலிருந்து பிளாஸ்ரிக் ஸ்ட்ரோ, கோப்பை, இடியப்பத் தட்டோடு சேர்த்து அந்த மாலையும் தடை! மனுசன் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், நான் விரித்துப் பிடித்திருந்த குப்பைச் சாக்கைப் பார்த்தார், போட்டார். அன்றைக்குச் சாக்கில் விழுந்த முதல் குப்பை அதுதான். படம் பிடித்தவர் அதை மட்டும் பிடிக்கவில்லை.

தம்பலகாமத்து மருமகள்:
கோட்டைவாசல் அண்ணை, அந்த அக்கா கேட்டதற்குப் பதிலே சொல்லாமல் மானுக்குத் தாவிவிட்டீர்கள். தட்டிலா பிழை? கழுவ ஆள் போடாமல் தட்டு மட்டும் எடுத்தால் அப்படித்தான் முடியும். சாப்பிட்டவரே மிச்சத்தை வாளியில் வழித்துக் கொட்டவேண்டும், அது மாட்டுக்கு. பிறகு மூன்று பெரிய பேசின்: ஊறப்போட ஒன்று, தேய்க்க ஒன்று, அலச ஒன்று. குழாய் மெதுவாக வந்தாலும் முதல் நாளே பீப்பாய் நிரப்பி வைக்கலாம். பொடியன்மாரின் பெயரை முறைபோட்டு எழுதி மடப்பள்ளிக் கதவில் ஒட்டுங்கள், எழுதாவிட்டால் பந்தி முடிந்ததும் ஒருவனையும் காணக் கிடைக்காது. தட்டே வேண்டாம் என்றால் தாமரை இலை. விடியப் பறித்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் மத்தியானம்வரை வாடாது. ரசம் மட்டும் இலையில் விடாதீர்கள், உருண்டோடி மடியில் விழும். பேப்பர் கோப்பைக்கும் போகாதீர்கள், உள்ளே மெல்லிய பிளாஸ்ரிக் பூச்சு இருக்கிறது, அது உக்காது. எங்கள் ஊர்ப் பொங்கலில் இலைதான் போட்டோம். என் அனுபவம் அவ்வளவுதான்.

கோட்டைவாசல்:
தங்கச்சி, எங்கள் அன்னதானம் ஆடியில். குளமே வற்றிக் கிடக்கும்போது இலைக்கு எங்கே போக?

தம்பலகாமத்து மருமகள்:
ஆடி என்றால் பனையோலைத் தட்டுவம். பின்னுகிறவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள், கடைசி வாரம் போய் நின்றால் கிடைக்காது. முறைப் பட்டியலையும் மறக்கவேண்டாம், கிடாரம் கழுவ ஆள் வேண்டும்தானே.