மூன்று ரோடு, இரண்டு பாயிண்ட்

குழு: நம் வீட்டார்

சனிக்கிழமை

கார்த்திக்: [படம்] பெரியப்பா, மாதிரி ரயில் பலகை தயார். எச்ஓ அளவு, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாளம் மூன்று வரிசை, உங்கள் பாஷையில் மூன்று ரோடு, பதித்துவிட்டேன். இனி பாயிண்டை, அதாவது வண்டியை ஒரு ரோட்டிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடத்தை, விரலால் தள்ளாமல் ஒரு கன்ட்ரோல் பேனலிலிருந்து மாற்ற வேண்டும்.

சுதா அத்தை: சாப்பாட்டு மேஜை எங்கே?

அம்மா: அந்தப் பலகைக்கு அடியில் இருக்கிறது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

சுதா அத்தை: உடம்புக்கு நல்லதுதான் அண்ணி.

பெரியப்பா: மூன்று ரோடு, இரண்டு பாயிண்ட். இதில் என்ன ஓட்டப் போகிறாய்?

கார்த்திக்: ஓட்டம் கிடையாது, ஷண்டிங் புதிர், அதாவது வேகன்களை முன்னும் பின்னும் நகர்த்தி வரிசை மாற்றுவது. ஆலன் ரைட் என்ற இங்கிலாந்துக்காரர் அமைத்தது, இங்கிள்நுக் என்று பெயர். ஒரு ரோட்டில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. இருப்பது எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுத்து, குலுக்கிய வரிசையிலேயே கோத்து நிறுத்த வேண்டும். முன்பக்க லைனில் எஞ்சினோடு மூன்று வேகன்தான் அடங்கும்.

பெரியப்பா: இதை நாங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தோம்.

நித்யா: தம்பி, பாயிண்டைத் திருப்பும் மெஷின் எது?

கார்த்திக்: பீக்கோ கம்பெனி, இரட்டைச் சுருள். ஒரு சுருளில் கரண்ட் போனால் இந்தப் பக்கம், மற்றதில் போனால் அந்தப் பக்கம்.

நித்யா: அப்படியானால் விளக்குப் போடும் சுவிட்சைப் போடாதே. அந்தச் சுருளுக்குக் கண் இமைக்கும் நேரம்தான் கரண்ட் தேவை. தொடர்ந்து பாய்ந்தால் கருகிவிடும். அழைப்பு மணி மாதிரி, கையை எடுத்ததும் விட்டுவிடும் பொத்தான் வாங்கு. அதற்கு முன்னால் ஒரு கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட். 4700 மைக்ரோஃபாரட் போதும். சேர்த்து வைத்ததை ஒரே தட்டாகத் தட்டும், பிறகு பொத்தான் சிக்கிக்கொண்டாலும் சொற்பக் கரண்ட்தான் போகும்.

நித்யா: கெப்பாசிட்டர் 35 வோல்ட் என்று கேட்டு வாங்கு. உன் டிரான்ஸ்ஃபார்மர் 16 வோல்ட் ஏசி. டிசி ஆக்கினால் உச்சம் 22-ஐத் தாண்டும். 25 வோல்ட் போதும் என்று கடையில் சொல்வார்கள், கேட்காதே.

கார்த்திக்: சரி அக்கா. பாயிண்டுக்கு இரண்டு பொத்தான், ஆக நான்கு.

பெரியப்பா: மூன்று போதும். ரோட்டுக்கு ஒன்று. பெரிய ஸ்டேஷன் பேனலில் சிக்னல் பொத்தானையும் ரூட் பொத்தானையும் சேர்த்து அமுக்கினால் வழியில் உள்ள பாயிண்ட் எல்லாம் தானாகத் திரும்பும். ஸ்டேஷன் மாஸ்டர் ரோட்டைத்தான் யோசிப்பார், பாயிண்டை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

நித்யா: அப்பா சொல்வது செய்யக்கூடியதுதான், கரண்டை ஒரே பக்கம் விடும் டயோடு மட்டும் வேண்டும். முதல் பாயிண்ட் ஏ, அடுத்தது பி; வழக்கமான நிலை நார்மல், திரும்பிய நிலை ரிவர்ஸ். ஒன்றாம் ரோட்டுக்கு ஏ பாயிண்ட் நார்மல். இரண்டாம் ரோட்டுக்கு ஏ ரிவர்ஸ், பி நார்மல். மூன்றாம் ரோட்டுக்கு ஏ ரிவர்ஸ், பி ரிவர்ஸ். ஏ ரிவர்ஸ் சுருளுக்கு இரண்டு பொத்தானிலிருந்தும் கம்பி வருகிறது, கவனித்தாயா? டயோடு இல்லையென்றால், இரண்டாவதை அமுக்கும்போது கரண்ட் அந்தச் சந்திப்பு வழியாகப் பின்னால் போய் மூன்றாவதன் பி ரிவர்ஸ் சுருளையும் தொடும். பி இரண்டு பக்கமும் இழுபடும். நான்கு டயோடு, 3 ஆம்பியர் தாங்கும் 1என்5401.

சுதா அத்தை: எனக்குப் புரிந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்.

சித்தப்பா: பேனல் முகப்புக்குப் பெயர்ப்பலகைக் கடையில் வெட்டு மிச்சம் அக்ரிலிக் கேள். 3 மி.மீ. போதும், காசு வாங்கவே யோசிப்பார்கள். ரோடு வரைய, வண்டிக்கு நம்பர் ஒட்டுகிற கடையில் வினைல் பட்டை கிடைக்கும். மூடிக்குக் கீல் போடு. கம்பி எல்லாம் பின்பக்கம், திறந்து பார்க்க வழி வேண்டும்.

கார்த்திக்: [படம்] வரைந்து பார்த்தேன். பொத்தானை அமுக்கினால் அந்த ரோட்டின் பச்சை எல்ஈடி எரியும்.

பெரியப்பா: எங்கிருந்து எரியும்?

கார்த்திக்: பொத்தானிலிருந்து.

பெரியப்பா: கூடாது. நீ அமுக்கினாய் என்பது உனக்கே தெரியும், அதைச் சொல்ல விளக்கு எதற்கு? பாயிண்ட் திரும்பியதா என்பதைத்தான் பேனல் சொல்ல வேண்டும். எங்கள் ரயில்வேயில் பாயிண்ட் நாக்கின், அதாவது நகரும் தண்டவாளத் துண்டின், முனையிலிருந்து 150 மி.மீ. தள்ளி, நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே 5 மி.மீ. தகட்டை வைத்துச் சோதிப்பார்கள். தகடு இருக்கும்போது பாயிண்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது, டிடெக்ஷனும், அதாவது பாயிண்ட் சரியாகப் பொருந்தியது என்ற தகவலும், வரக் கூடாது. வந்தால் அந்தப் பாயிண்டை நம்பி வண்டி விட முடியாது. டிடெக்ஷன் இல்லாமல், போகலாம் என்று சிக்னல் இறங்காது. நீ நூறு தடவை பொத்தானை அமுக்கினாலும் அப்படித்தான்.

நித்யா: மெஷினுக்கு அடியில் பொருத்தும் துணை சுவிட்ச் கிடைக்கும் தம்பி. எல்ஈடிக்கு அதன் வழியாகத் தனி 12 வோல்ட் கொடு. விளக்குக்கு ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், சுமார் 10 மில்லியாம்பியர் போகும், வெளிச்சம் தாராளம். அப்பா, அந்த சுவிட்ச் உங்கள் டிடெக்டர் அளவுக்குக் கறார் கிடையாது. நாக்கு பாதி தூரம் தாண்டியதா என்றுதான் சொல்லும். இடுக்கை அளக்காது.

பெரியப்பா: பொத்தானை நம்புவதற்கு அது எவ்வளவோ மேல்.

அம்மா: புதன்கிழமை வீட்டுக்கு ஆள் வருகிறார்கள். மேஜை வேண்டும்.

கார்த்திக்: அம்மா, சால்டரிங் மட்டும்தான் பாக்கி.

அம்மா: அந்தப் புகையைச் சமையலறைக்குள் கொண்டு வராதே. ஜன்னல் பக்கம் உட்கார்.

செவ்வாய்க்கிழமை

கார்த்திக்: [படம்] [படம்] பேனல் முடிந்தது. மூன்று பொத்தான், மூன்று எல்ஈடி. பொதுக் கம்பியை மட்டும் தடிமனாகப் போட்டேன்.

சித்தப்பா: பின்பக்கப் படம் முன்பக்கத்தைவிட அழகாக இருக்கிறது. சிவப்பு ஏ, நீலம் பி என்று கம்பியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறாயே, நல்ல பழக்கம்.

கார்த்திக்: ஒரு விஷயம். மூன்றாம் பொத்தானை அமுக்கினேன். மெஷின் தட்டிய சத்தம் கேட்டது. ஆனால் இரண்டாம் ரோட்டு விளக்குதான் எரிகிறது. டயோடைத் திருப்பிப் போட்டுவிட்டேனோ?

நித்யா: திருப்பிப் போட்டிருந்தால் பி பக்கம் சத்தமே வந்திருக்காது.

பெரியப்பா: கம்பியை விடு. பாயிண்டைப் போய்ப் பார்.

கார்த்திக்: நாக்குக்கு நடுவே ஜல்லித்தூள் ஒன்று.

பெரியப்பா: எடுத்துவிட்டு மறுபடி அமுக்கு.

கார்த்திக்: மூன்றாம் ரோடு வந்துவிட்டது.

அம்மா: மேஜை?