ஆளா நின்னு பேசுறது: இதற்கு ஒரு கலைச்சொல் வேண்டும்

காரைக்குடி ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் பள்ளி ஆண்டு மலர் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி அருமையான கட்டுரை ஒன்று தந்திருக்கிறாள். தமிழ் வகுப்பில் கயமை அதிகாரமும், ஔவையார் தொண்டைமானிடம் தூது போன புறநானூற்றுப் பாட்டும் படித்தவள். ஆங்கில வகுப்பில் ஜொனாதன் ஸ்விஃப்ட் 1729இல் பெயர் போடாமல் வெளியிட்ட சிறு நூலைப் படித்திருக்கிறாள். அயர்லாந்தின் வறுமை தீர வேண்டுமானால், ஏழைகளின் ஒரு வயதுக் குழந்தைகளைச் செல்வர்களின் சாப்பாட்டு மேசைக்கு விற்கலாம் என்று நிதானமாகக் கணக்குப் போட்டுச் சொல்லும் நூல் அது.

குறையை நகையாகப் பழிக்கும் எழுத்தை அவள் 'சட்டயர்' என்று எழுதிய இடங்களில் எல்லாம் 'அங்கதம்' என்று திருத்திவிட்டேன். அதில் சிக்கல் இல்லை. இந்தப் பத்தியில்தான் நிற்கிறேன்:

"உன் ஆயுதங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். புகழ்வது போலப் பழிக்கிறார். ஆனால் பேசுகிறவர் ஔவையார்தான். 'தேவர் அனையர் கயவர்' என்பதும் வள்ளுவர் குரல்தான். ஸ்விஃப்ட் எழுதியதில் பேசுகிறவர் ஸ்விஃப்ட் இல்லை. யாரோ ஒரு பெரிய மனிதர். தான் சொல்வது கொடுமை என்றே அவருக்குத் தெரியவில்லை. இதில் எனக்கு ஒரு காசு லாபம் கிடையாது, என் கடைசிப் பிள்ளைக்கே ஒன்பது வயது ஆகிவிட்டது என்று முடிக்கிறார். அந்த இடத்தில் எனக்கு உடம்பு கூசியது. ஸ்விஃப்ட் அவரைத் திட்டவே இல்லை. பேச விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். எங்கள் அப்பத்தாவும் இப்படிப் பேசுவார். கருமியான உறவினர் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலிலேயே, 'விருந்தாளி வந்தா சோறு போட்டுத்தான் ஆகணுமா? வாசக் கோலத்தைப் பாத்தாலே பசி ஆறிருமே' என்பார். இதற்குப் பெயர் ______."

கடைசியில் உள்ள கோடிட்ட இடத்தை அவளே விட்டிருக்கிறாள். வஞ்சப்புகழ்ச்சி இல்லை. சொல்வதும் கருதுவதும் முரண்படும் முரண்நகை என்றாலும் போதவில்லை. ஒரு சொல் தாருங்கள்.

தேவகோட்டை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

அம்மா, தேடி அலைய வேண்டாம். அங்கதம் "செம்பொருள் கரந்தது என இரு வகைத்தே" என்று தொல்காப்பியர் செய்யுளியலில் வகுத்துவிட்டார். முகத்துக்கு நேரே சொன்னால் செம்பொருள் அங்கதம். பழியை மறைத்துச் சொன்னால் பழிகரப்பு அங்கதம். ஸ்விஃப்ட் செய்தது பழிகரப்பு. சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது.

கானாடுகாத்தான், இப்போது சென்னையில் மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, பழிகரப்பு என்று அச்சிட்டால் பிள்ளைகள் கரப்பான்பூச்சி என்று படிப்பார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பாடநூல் வேலையில் இது கண்கூடாகப் பார்த்தது. பிள்ளைக்குப் புரியாத சொல் ஏட்டோடு நின்றுவிடும். என் பரிந்துரை: முகமூடிக் குரல்.

இன்னொன்று. சட்டயர் என்ற சொல்லே லத்தீனில் 'சாத்துரா'. பல பண்டங்கள் நிறைந்த தட்டு என்று பொருள். கிரேக்க வனதேவதையான சாட்டிரோடு அதை நெடுங்காலம் குழப்பிக்கொண்டிருந்தார்கள். 1605இல் கசோபோன் என்ற அறிஞர் இரண்டும் வேறு என்று பிரித்துக் காட்டினார். நம் ஊர் மண்டி நினைவுக்கு வரவில்லையா? அரிசி கழுவிய தண்ணீரில் வெண்டைக்காயும் மொச்சையும் புளியும் காரமும் சேர்ந்து கொதிப்பது. கலவையும் உறைப்பும் ஒன்றாக இருப்பதுதான் இந்த இலக்கிய வகையின் குணம். ஆகவே அங்கதம் என்பதையே மாற்றிக் 'கதம்பவசை' என்று வைக்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம்.

தேவகோட்டை:

கதம்பவசை வேண்டாம் தம்பி. உரோமாபுரித் தட்டை நாம் ஏன் கழுவ வேண்டும்?

கரப்பு என்ற சொல்லுக்கு வருகிறேன். கரத்தல் என்றால் ஒளித்தல். இடுக்கில் ஒளிந்து வாழ்வதால்தான் அந்தப் பூச்சிக்குக் கரப்பான் என்று பெயர். "கரப்பிலா நெஞ்சின்" என்று இரவு அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வதைப் பாருங்கள். தன்னிடம் இருப்பதைக் கேட்பவனுக்கு ஒளிப்பதே கரப்பு. அந்தப் பிள்ளையின் அப்பத்தா எதைப் பழித்தார்? ஒரு கருமியின் கரப்பை. அவன் சோற்றைக் கரந்தான், இவர் பழியைக் கரந்தார். இவ்வளவு பொருத்தமான சொல்லைப் புரியாது என்று தள்ளுவதா? மகிபாலன்பட்டிப் பண்டிதமணி கதிரேசஞ் செட்டியார் 'மிருச்சகடிகம்' என்ற வடமொழி நாடகத்தின் பெயரை 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழாக்கினார். புரியாது என்று அவர் அஞ்சியிருந்தால் நமக்கு அந்தப் பெயர் கிடைத்திருக்குமா?

பள்ளத்தூர் ஆச்சி:

எல்லாருக்கும் வணக்கம். சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழக விழாவுக்குச் சிறு வயதிலிருந்து போய்க் கேட்டவள் நான். அங்கதம் என்றாலே எனக்கு அங்கதன் தூதுப் படலம்தான். நீ யார் என்று இராவணன் கேட்கிறான். அங்கதன் நேராகவா பதில் சொன்னான்? முன்னொரு நாள் இராவணன் என்று ஒருத்தனைச் "சுந்தரத் தோள்களோடும் வாலிடைத் தூங்கச் சுற்றி" மலை மலையாகத் தாவினானே, அவன் மகன் என்றான். எதிரில் இருப்பவனையே யாரோ மூன்றாம் ஆள் போலச் சொன்னான் பாருங்கள்! அங்கதன் பேச்சு என்பதால்தான் அங்கதம் என்று பெயர் வந்தது என்பது என் துணிபு.

கானாடுகாத்தான்:

ஆச்சி, பாட்டைச் சொல்லிக் காட்டியதற்கு நன்றி. ஆனால் அங்கதம் என்றால் தோளணி என்றும் பொருள் உண்டு, அங்கதன் பெயர் அந்த வழி வந்தது. வசையைக் குறிக்கும் அங்கதம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது, கம்பருக்குப் பல நூற்றாண்டு முந்தியது. அதோடு அங்கதன் அங்கதனாகவே பேசுகிறான். நமக்கு வேண்டியது வேறு ஆளாக நின்று பேசுவது.

பள்ளத்தூர் ஆச்சி:

சரி தம்பி, தூது போன கம்பீரத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள். வேறு ஆள் என்றால் ஐயா சொன்ன மண்ணியல் சிறுதேரில் சகாரன் என்றொரு மூடன் இருக்கிறான். இராவணன் குந்தியைப் பிடித்த மாதிரி உன்னைப் பிடிப்பேன் என்று புராணத்தைக் குழப்பி, தன் வாயாலேயே மாட்டிக்கொள்வான்.

காரைக்குடி ஆசிரியை:

ஆச்சி, சகாரன் நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அது நாடகம். மேடையில் இன்னார் பேசுகிறார் என்று பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரியும். ஸ்விஃப்ட் அந்த மேடையையே எடுத்துவிட்டார். அதுதான் புதிது.

ஐயா, பழிகரப்பை நான் மறுக்கவில்லை. அது பெரிய குடும்பம். ஔவையார் பாட்டையும் அதற்குள் வைக்கலாம். என் மாணவி இரண்டுக்கும் இடையில் ஒரு கோடு கிழித்திருக்கிறாள், அந்தக் கோட்டுக்குத்தான் பெயர் கேட்கிறேன். நேற்று இரவு அகப்பாடல் நடத்துவதற்குக் குறிப்பு எடுக்கும்போது ஒன்று தோன்றியது. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று பிரித்துத்தானே படிக்கிறோம்? எழுதியவர் கபிலர், பேசுகிறவள் தோழி. புலவர் தன் குரலை விட்டு இன்னொருவராக நிற்பது நமக்குப் பழகிய மரபு. 'கூற்று' என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். அகத்தில் அந்த ஆளோடு நாம் சேர்ந்து நெகிழ்கிறோம். இங்கே அந்த ஆளைவிட்டு விலகி நடுங்குகிறோம். அந்த வேறுபாட்டைக் காட்ட முன்னால் ஒரு சொல் சேர்த்தால் போதும். வேடக்கூற்று என்று வைக்கலாமா?

கானாடுகாத்தான்:

வேடக்கூற்று நன்று. முகமூடிக் குரலை விட்டுவிடுகிறேன்.

தேவகோட்டை:

கூற்று மிகச் சரி அம்மா, மகிழ்ச்சி. வேடம்தான் உறுத்துகிறது. அது வடமொழி வேஷம். நமக்குக் கோலம் இருக்கிறது. கோலம் பூண்டான் என்பது தூய தமிழ். கோலக்கூற்று என்று வையுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:

ஐயா, எங்கள் வீடுகளில் கோலம் என்றால் முதலில் நடுவீட்டுக் கோலம்தான் கண் முன்னால் வரும். மங்கலமான சொல். குழந்தையை விற்கச் சொல்கிறவன் வாய்க்கு முன்னால் அதைப் போட மனம் வரவில்லை. வேடம் என்றால் பெரியபுராணம் கேட்டவர்களுக்குப் போதும். முத்தநாதன் திருநீறு பூசி, புத்தகக் கட்டுக்குள் கத்தியை வைத்துக்கொண்டு மெய்ப்பொருள் நாயனாரிடம் வந்தான். புத்தகத்துக்குள் கத்தி! இந்த ஸ்விஃப்ட் கதையும் அதுதானே?

தேவகோட்டை:

ஆச்சி, அங்கேதான் என் மறுப்பு வலுக்கிறது. முத்தநாதன் வேடம் கலையக் கூடாது என்று போட்டது. ஸ்விஃப்ட் போட்டது படிப்பவர் கண்டுபிடிக்க வேண்டும் என்றே போட்டது. கலையாமலே போனால் அந்த நூலே பாழ். வேடம் ஏமாற்றுகிறவன் சொல். கோலம் பார்ப்பவருக்காக இடுவது.

காரைக்குடி ஆசிரியை:

ஐயா, உங்கள் கடிதத்தை மாணவியிடமே படித்துக் காட்டினேன். வெகுநேரம் யோசித்தாள். அப்புறம் ஸ்விஃப்ட் நூலில் ஓர் இடத்தைக் காட்டினாள். ஊரில் இல்லாத நிலக்கிழார்களுக்கு வரி போடுவது, உள்நாட்டுப் பொருளையே வாங்குவது என்று உண்மையான தீர்வுகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, இதையெல்லாம் என்னிடம் பேசாதீர்கள் என்கிறார் அந்தப் பெரிய மனிதர். "வேடம் கிழிஞ்சு உள்ளே இருக்கிறவர் தெரியிற இடம் இதுதான் டீச்சர். கோலம் கிழியாது, அழியத்தான் செய்யும்" என்றாள். எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

என்னையும் சேர்த்து மூன்று பேர் வேடக்கூற்றுக்குச் சரி சொல்லியிருக்கிறோம். மற்றவர்கள் எழுதவில்லை. நாளை காலை பக்கம் போகிறது. கட்டுரையில் வேடக்கூற்று என்று வரும். முதல் முறை வரும் இடத்தில், "ஆளா நின்னு பேசுறது என்பார் எங்கள் அப்பத்தா" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று அவள் கேட்டாள். சேர்த்துவிட்டேன். பழிகரப்பு அங்கதத்தின் ஒரு வகை இது என்று அடிக்குறிப்பும் உண்டு.

தேவகோட்டை:

அடிக்குறிப்புக்கு நன்றி அம்மா. கிழிதலும் அழிதலும் பற்றி அந்தப் பிள்ளை சொன்னது என்னை யோசிக்க வைத்தது. ஆனாலும் என் மனம் மாறவில்லை. மலர் வந்ததும் இரண்டு படி அனுப்புங்கள். ஒன்று என் பேத்திக்கு. மற்றொன்றில் வேடத்தை அடித்துக் கோலம் என்று எழுதி வைத்துக்கொள்வேன்.