நான்-டாக்சிக்: 'நச்சற்ற' போதுமா?

வணக்கம். அமெரிக்க வகுப்பறைகளுக்கான ஓவியப்பொருள் கையேட்டில் 'நான்-டாக்சிக்' வரும் இடமெல்லாம் 'நச்சற்ற' என்று இட்டிருக்கிறோம். 'ஊறிலா' பொருந்துமா?

---

> 'ஊறிலா' பொருந்துமா?

பழஞ்சொல், அழகுதான். பசை டப்பாவில் அதைப் பார்ப்பவருக்கு ஊறுகாய்தான் நினைவுக்கு வரும்.

'நச்சற்ற' என்றால் நச்சு துளியும் இல்லை என்றாகிறது. பொருளின் உறையில் இருக்கும் ஏ.பி. ('அப்ரூவ்டு ப்ராடக்ட்', ஏற்கப்பட்ட பொருள்) முத்திரை சொல்வது வேறு: கேடு செய்யும் அளவில் எதுவும் இல்லை என நச்சியல் வல்லுநர் மதிப்பிட்டிருக்கிறார். அதுவும் குறித்த பயன்பாட்டுக்கு மட்டுமே. முத்திரையுள்ள களிமண்ணும் காய்ந்து பொடியானால் மூச்சுக்குக் கேடான சிலிக்கா தூசிதான். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பாலிமர் களிமண்ணை உறையில் போட்ட வெப்பத்துக்கு மேல் சுட்டுக் கருக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயு வரும். 'தீங்களவற்ற' என்றால் என்ன?

---

> 'தீங்களவற்ற'

பிரித்துப் படியுங்கள்: தீங்கு, அளவற்ற. அளவில்லாத தீங்கு! அச்சில் போய்விட்டால் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள்.

'நச்சற்ற' இருக்கட்டும், ஆசிரியர்களுக்குப் பழகிய சொல். பக்க அடியில் மேற்சொன்ன விளக்கத்தை இட்டால் போதும். எனக்கு உறுத்துவது 14ஆம் பக்கம். 'ஏ.எஸ்.டி.எம். டி-4236க்கு இணங்கியது' (ஓவியப்பொருள் எச்சரிக்கைக் குறிப்புக்கான தரநெறி) என்ற வரியையும் அங்கே 'நச்சற்றது' என்றே பெயர்த்திருக்கிறோம். அது பிழை. 1988இல் இயற்றி 1990 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டப்படி, அந்த வரிக்குப் பொருள் நாட்பட்ட கேடு உண்டா என ஆய்ந்து, உண்டெனில் எச்சரிக்கை அச்சிட்டாயிற்று என்பதே. காட்மியம் கலந்த ஓவியர் வண்ணக்குழாயிலும் அதே வரி இருக்கலாம், பக்கத்திலேயே சி.எல். ('காஷனரி லேபிளிங்', எச்சரிக்கைக் குறிப்பு) முத்திரையும் எச்சரிக்கையும் இருக்கும். கலிஃபோர்னியாவில் 6ஆம் வகுப்பு வரை அத்தகைய பொருளைப் பள்ளி வாங்கவே கூடாது.

ஆகவே டி-4236 வரிக்கு 'நச்சாய்வுக் குறிப்புடையது', ஏ.பி. முத்திரைக்கு மட்டும் 'நச்சற்றது'.

---

> 'நச்சாய்வுக் குறிப்புடையது'

ஏற்கிறேன். 'நச்சாய்வு' பெயர்ச்சொல்லாகவும் தனித்து நிற்கும்.

'டெம்பரா பவுடர்' (நீரில் குழைக்கும் வண்ணத்தூள்) பகுதியில் இதையும் சேர்க்கலாம்: பிள்ளைகள் வருமுன் ஆசிரியரே நீரில் குழைத்து வைக்க வேண்டும், தூளை அவர்கள் கையில் கொடுக்கக் கூடாது. குழைத்ததைத் தயிர் டப்பாவில் ஊற்றினால் குறிப்பும் போகும், வாயிலும் போகும். பெயரட்டை கிழிந்த பழைய வண்ணங்களை யார் நன்கொடையாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். அத்தகைய வண்ணத்துக்கு 'குறிப்பிலி' என்றே போடலாமா?

---

போடலாம். 'பெயரிலி' பழகிய நாக்குக்கு எளிதாக வரும்.