குழாயின் நுனியில் ஒரு சிறு உறை

மாமா, காலை 7.12
எல்லோருக்கும் வணக்கம். வியாழக்கிழமை எனக்குக் கொலனொஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கமெராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை, செய்வதற்கு நாள் குறித்துவிட்டார்கள். குழாயின் நுனியில் ஏதோ உறை பூட்டினால் பொலிப் என்கிற சிறு சதை வளர்ச்சி கூடுதலாக அகப்படும் என்று லண்டனில் இருக்கும் தம்பி சொல்கிறான். பிள்ளை, நீ அந்தப் பிரிவிலேயே வேலை செய்கிறபடியால் கேட்கிறேன். இது உண்மையா, காசு பிடுங்கும் வேலையா?

மருமகள், 7.40
உண்மைதான் மாமா. குடலின் உட்சுவர் கொசுவிய சேலைபோல மடிப்பு மடிப்பாக இருப்பதால், மடிப்புக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சிறு பொலிப் கமெராவின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. என்டோகப் விஷன் என்ற உறையில் மென்மையான விரல்கள் ஒரு வரிசையாக இருக்கின்றன. உள்ளே போகும்போது குழாயோடு படிந்து கிடக்கும் அவை, வெளியே இழுக்கும்போது விரிந்து அந்த மடிப்புகளை நீவிக் காட்டுகின்றன. இங்கிலாந்தில் 1,772 பேரிடம் செய்து 2019இல் வெளியான ஆய்வில், பிற்காலத்தில் புற்றுநோயாகக்கூடிய அடினோமா என்ற வகைப் பொலிப் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் உறை இல்லாதபோது 36.2 சதவீதம், உறை பூட்டியபோது 40.9 சதவீதம். மலத்தில் இரத்தம் இருப்பது தெரிந்து அனுப்பப்பட்டவர்களிடமே பெரிய வித்தியாசம் தெரிந்தது.

சித்தி, 7.55
அப்படியென்றால் எல்லோருக்கும் பூட்டிவிடலாமே?

மருமகள், 8.06
குடல் ஒடுங்கியவர்களுக்கும் கடும் அழற்சி உள்ளவர்களுக்கும் அது பொருந்தாது, சித்தி. ஒருவருக்குப் பாவித்ததை எறிந்துவிட வேண்டும் என்பதால் செலவும் உண்டு. மாமா, வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள், ஆனால் உறை இல்லை என்பதற்காகத் திகதியைத் தள்ளிப்போட வேண்டாம். பெருங்குடலின் தொடக்கம்வரை போன பிறகு, திரும்பி வரும்போது குறைந்தது 6 நிமிடமாவது நிதானமாகப் பார்க்கும் கைதான் எனக்கு முக்கியம். அதைவிட முக்கியம் சுத்தமான குடல். போன மாதம் ஒருவர் முதல்நாள் கொய்யாப்பழம் சாப்பிட்டுவிட்டு வந்தார். விதைகள் உறிஞ்சு குழாயை அடைக்க அடைக்க நாங்கள் கழுவிக்கொண்டே இருந்தோம், கடைசியில் அவரை இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டியதாயிற்று. எந்த உறையாலும் அழுக்குக்குள் பார்க்க முடியாது.

மாமா, 8.15
நான் செய்ய வேண்டியது என்ன?

மருமகள், 8.21
செவ்வாய், புதன் இரண்டு நாளும் கீரை, பயறு, குரக்கன், விதையுள்ள பழம் எதுவும் வேண்டாம்; வெள்ளைச் சோறு, பாண், முட்டை போதும். குடலைச் சுத்தமாக்கத் தரும் மருந்துக் கரைசலில் பாதியை முதல்நாள் மாலையிலும் மீதியை அவர்கள் சொல்லும் நேரத்தில் வியாழன் விடியற்காலையிலும் குடியுங்கள். இரண்டாம் பாதியைத்தான் பலர் ஏமாற்றிவிடுகிறார்கள்.

மாமா, 8.34
நல்லது. வெள்ளவத்தைச் சந்தையில் மாமி இன்று காலை வாங்கிய வல்லாரைக் கட்டு இரண்டையும் உன் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்.