தாத்தா கார், இடப்பக்கச் சக்கரம்

குழு: ஆச்சி வீடு, கல்லிடை

வியாழன்

முருகேசன் சித்தப்பா: (போட்டோ)

முருகேசன் சித்தப்பா: வீரவநல்லூர் தாண்டி வரும்போது முன்சக்கரம் உள்ளே மடங்கிவிட்டது. இடப்பக்கம். எனக்கு ஒன்றும் இல்லை.

செல்வி அத்தை: ஐயோ

இசக்கி: எப்போ சித்தப்பா?

முத்து: தாத்தா காரா?

முருகேசன் சித்தப்பா: வேறு எந்தக் கார் இருக்கிறது நம்மிடம்

செல்வி அத்தை: புதன்கிழமை பங்குனி உத்திரம். ஆறு நாள்தான் இருக்கு. அம்மா சாஸ்தா கோவிலுக்கு அந்தக் காரில்தான் வருவேன் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

ராஜாமணி மாமா: (படம்: தாமரைப்பூ, இனிய காலை வணக்கம்)

செல்வி அத்தை: மேலே என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்

இசக்கி: போட்டோவில் டிக்கி திறந்து கிடக்கிறதே. உள்ளே என்ன?

முருகேசன் சித்தப்பா: வாழைத்தார்.

இசக்கி: எத்தனை?

முருகேசன் சித்தப்பா: கொஞ்சம்தான்.

முத்து: பெரிதாக்கிப் பார்த்தேன். பின்சீட்டிலும் இருக்கிறது.

முருகேசன் சித்தப்பா: பதினாலு. போதுமா?

சுப்பையா பெரியப்பா: முருகேசா, அது காரா, லோடு வண்டியா? அப்பா 1984இல் அந்த அம்பாசடர் மார்க் ஃபோரை எடுத்த நாளிலிருந்து ஒரு நெல் மூட்டை ஏற்ற விட்டதில்லை. சரி, அது இருக்கட்டும். முதலில் எல்லாரும் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அம்பாசடருக்கு முன்னால் காயில் ஸ்பிரிங் கிடையாது. வண்டிக்கு அடியில் நீளவாக்கில் பக்கத்துக்கு ஒரு கம்பி போகும். அதுதான் டோர்ஷன் பார். ஒரு முனை முன்னால் சக்கரத்தைத் தாங்குகிற கீழ் ஆர்மில் இருக்கும், இன்னொரு முனை பின்னால் சட்டத்தில் பிடித்திருக்கும். சக்கரம் மேட்டில் ஏறினால் அந்தக் கம்பி ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கும், பிறகு தானாகத் திரும்பும். இதில் ஒடிந்தது கம்பியாக இருக்காது. சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கிறதே கிங் பின், அதன் கீழ்முனையில் மரை இருக்கும். அது டிரனியன் என்கிற கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங் ஒடிக்கும் போதெல்லாம் மரைக்குள் மரை சுற்றும். கிரீஸ் இல்லாமல் போனால் மரை மாவாகத் தேய்ந்து ஒரு நாள் கழன்று விழும். சக்கரம் மடங்கிவிடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை கிரீஸ் கன் வைத்து நிப்பிளில் அடிக்க வேண்டும் என்று அப்பா டைரியிலேயே எழுதி வைத்திருந்தார். கடைசியாக எப்போது அடித்தாய்?

முருகேசன் சித்தப்பா: தீபாவளிக்கு

கோமதி சித்தி: எந்தத் தீபாவளி என்று கேளுங்கள் அத்தான்

இசக்கி: சித்தி!!

முருகேசன் சித்தப்பா: ரெக்கவரி வண்டியில் ஏற்றி மேலப்பாளையம் பாய் ஷெட்டில் விட்டாச்சு. நாலாயிரம். அவரைத் தவிர இந்த வண்டியில் கைவைக்கிற ஆள் இங்கே இப்போது இல்லை. சாமான் கொண்டுவந்தால் அரை நாளில் முடிப்பேன் என்கிறார். சாமான்தான் இல்லை.

ராஜாமணி மாமா: கம்பெனியில் கேட்கலாமே. திருவள்ளூரில் அவர்கள் ஃபாக்டரி இருந்ததே.

சுப்பையா பெரியப்பா: மாப்பிள்ளை, திருவள்ளூரில் செய்தது லான்சர் கார். அம்பாசடர் முழுக்க வங்காளத்தில் உத்தரபாராவில். அதையும் 2014 மே மாதம் நிறுத்தியாச்சு. 2017இல் அம்பாசடர் என்கிற பெயரை மட்டும் பிரான்ஸ்காரன் பெஜோ 80 கோடிக்கு வாங்கினான்.

செல்வி அத்தை: வெறும் பெயருக்கு 80 கோடியா

கோமதி சித்தி: இங்கே அப்பா வீட்டுப் பட்டாவில் பெயர் மாற்றவே பத்து வருஷமாக ஆள் இல்லை

செல்வி அத்தை: அதற்கு எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும் கோமதி. நான் மூன்று தடவை ஊருக்கு வந்தேன். யார் வரவில்லை என்று உனக்கே தெரியும்.

கோமதி சித்தி: நான் யாரையும் சொல்லவில்லை மைனி

முத்து: கார். கார். காரைப் பேசுவோம்.

சங்கர் அத்தான் (கனடா): இப்போதுதான் பார்த்தேன். இங்கே ராத்திரி பதினொன்று. சின்ன மாமா, அடி படவில்லையே?

முருகேசன் சித்தப்பா: இல்லை மருமகனே

சங்கர் அத்தான் (கனடா): என் ஸ்னோமொபைலுக்கும் இதே கதைதான். 1994 வண்டி. முன்சக்கரம் இருக்கிற இடத்தில் இரண்டு ஸ்கீ, பனியில் வழுக்கிப் போகிற பலகை. இடப்பக்க ஸ்கீ நிற்கிற ஸ்பிண்டில் தண்டில் புஷ் என்கிற வளையம் தேய்ந்து ஆடுகிறது. அதைப் பிடிக்கிற ரேடியஸ் ராடு போன மாதம் பனிக்குள் இருந்த கட்டையில் மோதி வளைந்துவிட்டது. டீலர் கணினியில் பார்த்துவிட்டு, இந்த எண் நின்றுபோச்சு என்று சொல்லிவிட்டான்.

செல்வி அத்தை: நீ இன்னும் அந்தச் சனியனை விற்கவில்லையா? போன வருஷமே விற்றுவிட்டேன் என்றாய்.

சங்கர் அத்தான் (கனடா): அம்மா, தனியாகப் பேசுவோம்

கோமதி சித்தி: பனியில் ஓட ஒரு வண்டியா? நமக்கு மார்கழிப் பனிக்கே இருமல்

முத்து: அப்புறம் ராடு கிடைத்ததா அத்தான்?

சங்கர் அத்தான் (கனடா): கிடைத்தது. மாடல் பெயரைச் சொல்லித் தேடியவரை கிடைக்கவில்லை. பாகத்தின் எண்ணை வைத்துத் தேடினேன். ஒரே ராடை நாலைந்து வருஷம் வேறு வேறு பெயரில் வந்த வண்டிகளுக்கும் போட்டிருப்பான். பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புது எண் கொடுத்திருப்பான். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற ஒருவர் கொட்டகையில் பெயர் வேறாக, ராடு அதேயாக ஒரு வண்டி நின்றது. புஷ் மட்டும் வெளிக் கம்பெனி சரக்கு புதிதாகவே வருகிறது. பாயிடம் சொல்லி உடைந்த பாகத்தைத் துடைத்து, எண் ஏதாவது அடித்திருந்தால் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.

சுப்பையா பெரியப்பா: நல்ல யோசனை. ஆனால் இங்கே எண் சொன்னால் கடைக்காரன் சிரிப்பான். சாமானைக் கையில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

முருகேசன் சித்தப்பா: பேட்டையில் லேத்தில் கொடுத்துக் கடைந்துவிடலாமா என்று பார்க்கிறேன்

சுப்பையா பெரியப்பா: கடையலாம். ஆனால் மரை ஒரு மயிரிழை தள்ளினாலும் பிடிக்கும், இல்லையென்றால் ஆடும். அதில் அம்மாவை உட்கார வைப்பாயா? அதோடு எவனாவது டோர்ஷன் பாரில் வெல்டிங் வைக்கிறேன் என்றால் அந்த இடத்தை விட்டு ஓடிவா. அது ஸ்பிரிங் எஃகு. சூடு பட்டால் பதம் போய்விடும், வைத்த இடத்திலேயே ஒடியும்.

இசக்கி: அப்பா, கல்கத்தாவில் என் கூட்டாளி ஒருவன் இருக்கிறான். அங்கே மல்லிக் பஜாரில் பழைய டாக்சி சாமான் மலையாகக் கிடக்குமாம்.

செல்வி அத்தை: புதன்கிழமைக்குள் கல்கத்தாவா?

இசக்கி: சும்மா சொன்னேன் அத்தை

முத்து: சென்னையில் புதுப்பேட்டை? மாமா போய்ப் பார்க்கலாமே.

ராஜாமணி மாமா: போகிறேன்.

செல்வி அத்தை: போன தடவை ஸ்கூட்டருக்கு சைலன்சர் வாங்கப் போய் வேறு வண்டிச் சைலன்சரோடு வந்தவர். பெரியண்ணன் நன்றாக எழுதிக் கொடுங்கள்.

சுப்பையா பெரியப்பா: மாப்பிள்ளை, இதை அப்படியே கடையில் காட்டுங்கள். அம்பாசடர் மார்க் ஃபோர், பெட்ரோல், முன்னால் ட்ரம் பிரேக். டிஸ்க் பிரேக் வண்டிச் சாமானைத் தலையில் கட்டப் பார்ப்பான், வாங்காதீர்கள். கிங் பின், கீழ் டிரனியன், புஷ், சீல், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து. ஒரு பக்கம் போனால் அடுத்த பக்கமும் அதே வயதுதான். முக்கியம்: இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றில்லை. மரை எதிரெதிராக ஓடும். பெட்டியைப் பிரித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாங்கிய பிறகு கூப்பிடுங்கள். வாங்குவதற்கு முன்னாலும் கூப்பிடுங்கள்.

ராஜாமணி மாமா: சரி

வெள்ளி

கோமதி சித்தி: கோவிலுக்கு ஆள் கணக்கு வேண்டும். பொங்கல் வைக்க அரிசி எவ்வளவு என்று தெரியவில்லை. மாடனுக்குக் கிடா யார் கணக்கு?

இசக்கி: தலைக்கு 1500 என்று போன வாரம் பேசினோமே

கோமதி சித்தி: பேசினோம். வந்தது இரண்டு பேருடையது.

சங்கர் அத்தான் (கனடா): நான் அனுப்பிவிட்டேன் சித்தி, சரி பாருங்கள்

சங்கர் அத்தான் (கனடா): அத்தை* தூக்கம்

செல்வி அத்தை: கல்லிடை அப்பளம் யார் வாங்கி வைக்கிறீர்கள்? எனக்கு பத்துக் கட்டு.

முத்து: ஆச்சி பேசினாள். (குரல் பதிவு, 1 நிமிடம் 52 நொடி)

இசக்கி: ஆபீஸில் இருக்கிறேன், என்ன சொல்கிறாள்?

முத்து: வேன் வேண்டாமாம். வேனில் படி உயரமாம். தாத்தா வாங்கிய காரில் போகாவிட்டால் வீட்டிலேயே சாஸ்தாவுக்கு விளக்கேற்றிக் கொள்வாளாம். கடைசி ஒரு நிமிடம் சித்தப்பாவைத் திட்டுவதுதான்.

முருகேசன் சித்தப்பா: கேட்டேன்

ராஜாமணி மாமா: (படம்: பிள்ளையார், வெள்ளிக்கிழமை வாழ்த்துகள்)

சனி

ராஜாமணி மாமா: வாங்கியாச்சு. ஏழு கடை ஏறினேன். செட் 2,800 சொன்னான், 2,200க்கு முடித்தேன்.

சுப்பையா பெரியப்பா: பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா?

சுப்பையா பெரியப்பா: மாப்பிள்ளை?

செல்வி அத்தை: போனைப் பையில் போட்டுவிட்டார். கிளாம்பாக்கம் போய் ஆம்னி பஸ்ஸில் பார்சல் போடப் போயிருக்கிறார். கோயம்பேடு இருந்தபோது அரை மணி. இப்போது இதற்கே ஒரு நாள்.

முருகேசன் சித்தப்பா: காலையில் வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் நான் எடுத்துக்கொள்கிறேன் அக்கா

ஞாயிறு

முருகேசன் சித்தப்பா: பார்சல் வந்தது. (போட்டோ)

முருகேசன் சித்தப்பா: பாய் பிரித்துப் பார்த்தார். இரண்டிலும் மரை ஒரே பக்கம் ஓடுகிறது.

சுப்பையா பெரியப்பா: எந்தப் பக்கம்?

முருகேசன் சித்தப்பா: இரண்டுமே வலம்.

இசக்கி: உடைந்தது இடம்தானே

முருகேசன் சித்தப்பா: ஆமாம்

சுப்பையா பெரியப்பா: எழுதிக் கொடுத்தேன்.

ராஜாமணி மாமா: பெட்டியில் செட் என்று போட்டிருந்தது

சுப்பையா பெரியப்பா: எழுதிக் கொடுத்தேன் மாப்பிள்ளை.

செல்வி அத்தை: வெயிலில் ஏழு கடை ஏறியிருக்கிறார். அவரை ஒன்றும் சொல்ல வேண்டாம்.

சங்கர் அத்தான் (கனடா): எனக்கும் முதல் தடவை வலப்பக்கம்தான் வந்தது அப்பா, கவலைப்படாதீர்கள்

முத்து: நான் ஒன்று சொல்லட்டுமா, யாரும் கோபப்படக் கூடாது.

இசக்கி: வேண்டாம் முத்து

முத்து: பாவூர்சத்திரம் மாமா ரைஸ்மில் ஷெட்டில் ஒரு அம்பாசடர் நிற்கிறது. வேப்பமரத்தடியில். அதுவும் மார்க் ஃபோர்தான். டயரெல்லாம் மண்ணுக்குள். ஆனால் முன்பக்கம் முழுசாக இருக்கிறது, போன மாதம் நானே பார்த்தேன்.

கோமதி சித்தி: அவள் அங்கே எதற்குப் போனாள்?

முத்து: அத்தைக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போனேன். பார்க்கக் கூடாதா?

சுப்பையா பெரியப்பா: அந்த வீட்டுச் சாமான் வேண்டாம். நின்ற வண்டிச் சாமான் துருப்பிடித்திருக்கும்.

இசக்கி: கிரீஸ் நன்றாக அடித்து நிறுத்திய வண்டி என்றால் உள்ளே மரை நன்றாகவே இருக்கும் என்று நீங்கள்தானே அப்பா சொல்வீர்கள்

செல்வி அத்தை: ஒரு கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்குப் பதினாறு வருஷமா

சுப்பையா பெரியப்பா: விட்டுப்போகவில்லை. விட்டான். தாய்மாமன் மகன் கல்யாணத்தில் என் பெயர் மட்டும் இல்லை. தம்பி பெயர் இருந்தது.

முருகேசன் சித்தப்பா: என் பெயரை நானா போடச் சொன்னேன் அண்ணன்

ராஜாமணி மாமா: திங்கட்கிழமை திரும்பப் புதுப்பேட்டை போகட்டுமா?

செல்வி அத்தை: வேண்டாம்

முத்து: ஆச்சியிடம் இருந்து இன்னொன்று. (குரல் பதிவு, 24 நொடி)

கோமதி சித்தி: கேட்டீர்களா எல்லாரும்

இசக்கி: இயர்போன் இல்லை, யாராவது சொல்லுங்கள்

முத்து: ஆச்சி லேண்ட்லைனில் அவளே பாவூர்சத்திரத்துக்குப் பேசிவிட்டாள். மாமா கழற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். காசு வேண்டாமாம். ஆனால் முருகேசனை அனுப்ப வேண்டாம், சுப்பையா அத்தானே வந்து கழற்றிக்கொண்டு போகட்டும் என்றாராம்.

இசக்கி: ஓ

செல்வி அத்தை: அண்ணன்?

முருகேசன் சித்தப்பா: பாய் நாளை மதியத்துக்குள் சாமான் கையில் வந்தால் செவ்வாய் ராத்திரி வண்டி ரெடி என்கிறார். இல்லையென்றால் அவர் வேறு வேலை எடுத்துவிடுவார்.

முத்து: பெரியப்பா டைப் செய்துகொண்டே இருக்கிறார்

முத்து: நிறுத்திவிட்டார்

ராஜாமணி மாமா: (படம்: மயில், இனிய இரவு வணக்கம்)

முத்து: திரும்ப டைப் செய்கிறார்

சுப்பையா பெரியப்பா: டயர் மண்ணுக்குள் இருக்கிறது என்றாயே. தரை இளகினதா, இறுகினதா? ஜாக்கி வைத்தால் நிற்குமா?

முத்து: சரல் தரை பெரியப்பா. நிற்கும்.

சுப்பையா பெரியப்பா: முதலில் டோர்ஷன் பாரின் முறுக்கைத் தளர்த்தாமல் யாரும் கைவைக்கக் கூடாது. ஆர்ம் தெறித்தால் கை போய்விடும். முருகேசா, அப்பாவின் பெரிய ஜாக்கி மச்சில் இருக்கும். எடுத்து வை. பக்கத்தில் மண்ணெண்ணெய் டின்னும்.

முருகேசன் சித்தப்பா: எடுக்கிறேன் அண்ணன். நான் வரட்டுமா?

கோமதி சித்தி: காலையில் எத்தனை மணிக்கு அத்தான்? இட்லி வைக்கவா?

செல்வி அத்தை: என் அப்பளம் பத்துக் கட்டு, மறந்துவிட வேண்டாம்