பாப்பா அறைக்கு ஒரு கோட்டை

நான்: ராத்திரி அரண்மனைக் கோபுரம் உரிந்து கட்டில்மேல் விழுந்துவிட்டது. "ராஜகுமாரி செத்துட்டாளா"ன்னு பாப்பா ஒரே அழுகை. 1,400 ரூபாய் ஸ்டிக்கர், நாலு நாள்கூடத் தாங்கவில்லை.

தங்கச்சி: ஐயோ. யூனிகார்னாவது இருக்கிறதா?

நான்: தலை மட்டும் இருக்கிறது.

அண்ணன்: சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பார். வெள்ளையாக ஒட்டுகிறதா?

நான்: திருநீறு மாதிரி ஒட்டுகிறது அண்ணா.

அண்ணன்: சுண்ணாம்பு அடித்த சுவர். ஸ்டிக்கர் அந்தத் தூளில்தான் ஒட்டியிருக்கிறது, தூளோடு வந்துவிட்டது. சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அப்புறம் எமல்ஷன் ரெண்டு கோட். மறுநாளே ஸ்டிக்கரைத் தூக்கிக்கொண்டு வராதே, ரெண்டு மூன்று வாரம் காயட்டும்.

நான்: கீழே ஓர் அடி உயரத்துக்கு உப்பு வேறு பூத்திருக்கிறது. அந்தப் பக்கம் பாத்ரூம்.

அண்ணன்: அப்போ முதலில் பிளம்பர். கசிவை நிறுத்தாமல் எந்தத் தேவதையும் அந்தச் சுவரில் நிற்க மாட்டாள்.

காட்பாடி அத்தை: கண்ணு, சுவரை விடு. கொசுவலையைக் கூடாரம் மாதிரி கட்டி, என் பழைய பட்டுப்புடவை ஜரிகையை ஓரத்தில் தைத்துவிட்டால் அரண்மனைதான். கொசுவும் வராது.

அண்ணன்: ஃபேன் இறக்கைக்குத் தள்ளிக் கட்டுங்கள் அத்தை. சீரியல் பல்பை வலைமேல் சுற்ற வேண்டாம்.

காட்பாடி அத்தை: பல்பு என்று நான் சொல்லவே இல்லையே.

தங்கச்சி: நான் சொல்லலாம் என்றிருந்தேன். சரி, சொல்லவில்லை.

அப்பா: கவி, ஒன்று கேட்கிறேன். அந்த ஸ்டிக்கர் கோட்டை எந்த ஊர்க் கோட்டை? சத்துவாச்சாரியில் ஆட்டோ ஏறினால் நிஜக் கோட்டையே இருக்கிறது, நம்ம வேலூர்க் கோட்டை. 16ஆம் நூற்றாண்டு, 133 ஏக்கர், கருங்கல் மதில், சுற்றிலும் அகழி. அகழியில் முதலை விட்டிருந்தார்கள் என்று என் பாட்டி சொல்வாள். ராஜா வேண்டுமா, இலங்கையின் கண்டி ராஜ்யத்துக் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் இங்கேதான் இருந்தார், 1832இல் இங்கேயே இறந்தார்.

அண்ணன்: அப்பா, அவர் வெள்ளைக்காரன் சிறை வைத்த ராஜா. தூங்கப்போகும் குழந்தைக்குச் சொல்கிற கதையா அது?

அப்பா: உங்கள் தேவதைக் கதையில் மட்டும் என்ன, யாரோ ஒருத்தி கோபுரத்தில் அடைபட்டுத்தானே இருக்கிறாள்.

தங்கச்சி: அப்பா சொல்வதும் சரிதான்.

நான்: பாப்பாவிடம் கேட்டேன். ராஜா வேண்டாமாம், முதலை வேண்டுமாம். கோட்டை பிங்க் கலரில் வேண்டுமாம்.

அப்பா: கருங்கல் எப்படிம்மா பிங்க் ஆகும்?

நான்: நீங்களே போன் போட்டு அவளிடம் சொல்லுங்கள்.

அப்பா: பேசினேன். பிங்க்கே இருக்கட்டும். ஆனால் கொத்தளம் நம்ம ஊர் மாதிரி வளைவாக வர வேண்டும். அட்டையில் நான் பென்சிலால் போட்டுத் தருகிறேன், நீங்கள் வெட்டிக் கலர் அடியுங்கள்.

நான்: அப்போ கட்டில்தான் கோட்டை. அட்டை மதிலைக் கட்டில் காலோடு கட்டிவிடலாம், சுவரையே தொட வேண்டாம். சுற்றி நீலப் பாய் விரித்தால் அகழி.

காட்பாடி அத்தை: முதலையை நான் தைக்கிறேன். டேய், குடியாத்தத்தில் இருந்து பச்சை லுங்கி ஒன்று கொடுத்தனுப்பு.

அண்ணன்: ஒன்றுதான் இருக்கிறது அத்தை. அதைத்தான் இப்போது கட்டியிருக்கிறேன்.