பழைய வேலையின் பென்ஷன்: அங்கேயே விடுவதா, சிப்புக்கு மாற்றுவதா?

ஹாரோவாசி:
லண்டனில் முன்பு பார்த்த வேலையின் பென்ஷன் 60,000 பவுண்டு அப்படியே கிடக்கிறது. நான் எதையும் தேர்ந்தெடுக்காததால் திட்டத்தின் பொது ஃபண்டில் போட்டுவிட்டார்கள். கட்டணம் 0.75 சதவீதம், வருஷத்துக்கு 450 பவுண்டு. பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போக ஆசை. முதலீட்டை நாமே தேர்ந்தெடுத்து நடத்தும் சிப் (SIPP) என்ற பென்ஷன் கணக்குக்கு மாற்றலாமா?

கணக்குப்பிள்ளை:
மாற்றுங்கள். ஆனால் ஃபண்டாக வாங்காமல், பங்கைப் போலச் சந்தையில் வாங்கி விற்கும் ஈடிஎஃப் (ETF) ஆக வாங்குங்கள். 2025 கட்டணப்படி ஏஜே பெல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் சிப்பில் கணக்குக் கட்டணம் வருஷத்துக்கு 0.25 சதவீதம், ஈடிஎஃப் என்றால் மாதம் 10 பவுண்டுக்கு மேல் போகாது. இரண்டு லட்சம் சேர்ந்த பிறகு அதே குறியீட்டை ஃபண்டாக வைத்திருந்தால் வருஷத்துக்கு 500 பவுண்டு, ஈடிஎஃப் ஆக வைத்திருந்தால் 120. இன்னொரு நிறுவனமான வான்கார்டில் 0.15 சதவீதம், அதாவது 300.

தேம்ஸ்கரை:
கணக்குப்பிள்ளை அண்ணா, அவரிடம் இருப்பது இரண்டு லட்சம் இல்லையே, அறுபதாயிரம்தானே? உங்கள் வழியில் 120, அப்புறம் ஈடிஎஃப்பின் சொந்தச் செலவு 0.2 சதவீதம் என்றால் இன்னொரு 120. ஆக 240. 0.75 என்பது பொது ஃபண்டுக்குச் சட்டம் 2015 முதல் விட்டிருக்கும் உச்சவரம்பு. அதே திட்டத்தின் பட்டியலைத் திறந்தால் உலகப் பங்குகளின் இண்டெக்ஸ் ஃபண்ட் இருக்க வாய்ப்பு உண்டு. என் பழைய திட்டத்தில் 0.22 சதவீதத்துக்கு இருந்தது. அதற்கு மாற ஒரு பைசா செலவில்லை.

கணக்குப்பிள்ளை:
பட்டியலில் இருப்பதைத்தானே வாங்க முடியும்? வேலைக்கு ஒன்றாக நாலு பென்ஷன், நாலு கடவுச்சொல் என்று எத்தனை காலம் ஓட்டுவது? ஓய்வுக்குப் பிறகு வேண்டியபோது எடுக்கும் வசதி பல பழைய திட்டங்களில் இல்லை.

தேம்ஸ்கரை:
அது ஓய்வு நெருங்கும்போது பார்க்க வேண்டியது. மாற்றும்போது பணம் சில நாள், சில வாரம்கூடச் சந்தைக்கு வெளியே நிற்கும். பழைய காகிதத்தில், ஓய்வுக்குப் பின் வாழ்நாள் முழுதும் வரும் ஆண்டுத்தொகைக்கு உத்தரவாதம் ஏதாவது எழுதியிருந்தால் மாற்றியதும் அது போய்விடும். அதைப் படிக்காமல் ‘மாற்றுங்கள்’ என்று சொல்வது தப்பு.

கணக்குப்பிள்ளை:
உத்தரவாதத்தைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். மற்றபடி என் கருத்து அதேதான்.

ஹாரோவாசி:
ராத்திரி உள்ளே போய்ப் பார்த்தேன். உத்தரவாதம் எதுவும் இல்லை. பட்டியலில் ஏழாவதாக உலக இண்டெக்ஸ் ஃபண்ட், 0.30 சதவீதம். மாற்றிவிட்டேன். 450 இருந்தது 180 ஆகிவிட்டது.

கணக்குப்பிள்ளை:
சரி, நல்லது. சிப்பின் 120 பவுண்டு ஏறாது என்பதால், தொகை 1,20,000 தாண்டினால் ஈடிஎஃப் வழிதான் மலிவு. அப்போது மறுபடி கணக்குப் போடுங்கள்.